பழைய பிரிட்டிஷ் பைக்குகளின் கம்பெனி பெயிண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரையம்ஃப், பி.எஸ்.ஏ, நார்ட்டன், ஏ.ஜே.எஸ், மேட்ச்லெஸ், ராயல் என்ஃபீல்ட் என்று ஏதாவது ஒரு பழைய பிரிட்டிஷ் பைக்கைக் கையில் வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எஞ்சினைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயிண்ட் விஷயத்தைத்தான் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். அதற்குள் அசல் நிறத்துக்கான சாட்சி எல்லாம் உப்புத்தாளில் கரைந்து போய்விடுகிறது.

கம்பெனி பெயிண்ட் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

ஃபேக்டரியை விட்டு வெளியே வந்தபோது அந்த பைக்கின் மேல் என்ன இருந்ததோ அதுதான். "சிவப்பு" என்று ஒரு சொல்லில் அது முடியாது. எந்தச் சிவப்பு, ஃப்ரேமும் அதே சிவப்பா, மட்கார்டு என்ன நிறம், டேங்கில் குரோம் எவ்வளவு தெரிந்தது, சக்கர ரிம்மின் நடுவில் பெயிண்ட் இருந்ததா, கோடு தங்க நிறமா வெள்ளி நிறமா, பளபளப்பு எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கம்பெனி பெயிண்ட். சரியான நிறத்தைத் தப்பான இடத்தில் அடித்தாலும் அசல் கெட்டுவிடும்.

அந்தக் காலத்து பைக் எல்லாமே கறுப்புதானே?

பெரும்பாலும் ஆமாம். அதற்கு ரசனை மட்டும் காரணமல்ல, தொழில்நுட்பமும் காரணம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் வுல்வர்ஹாம்ப்டன், பில்ஸ்டன் என்று இரண்டு ஊர்கள் உண்டு. தகரத் தட்டு, பெட்டி, நிலக்கரித் தொட்டி இவற்றுக்கெல்லாம் கறுப்பு வார்னிஷ் பூசி அடுப்பில் சுட்டு எடுப்பது அங்கே பரம்பரைத் தொழில். ஜப்பானிய அரக்குப் பாத்திரங்களைப் பார்த்து வந்த வேலை என்பதால் அதற்கு "ஜப்பானிங்" என்றே பெயர். அந்தத் தொழிலைச் சிறுவயதிலேயே பயிற்சியாளராகச் சேர்ந்து கற்றவர் ஜான் மார்ஸ்டன். பிறகு சொந்தப் பட்டறை வைத்து, 1887இல் சன்பீம் சைக்கிள், 1912இல் சன்பீம் மோட்டார் சைக்கிள் என்று வளர்ந்தார். சன்பீமின் கறுப்பு ஏன் கண்ணாடி மாதிரி இருந்தது என்றால், அதைச் செய்தவர் பைக்குக்கு வருவதற்கு முன்பே கறுப்புப் பூச்சில் கரை கண்டவர். அந்தக் கறுப்பின் மேல் மெல்லிய தங்கக் கோடு ஓடும். இன்றைக்கும் ஒரு நல்ல 1920களின் சன்பீமைப் பார்த்தால் எனக்கு நகர மனம் வராது.

வேலை நடந்த விதம் இதுதான்: ஃப்ரேமைத் தொட்டியில் முக்கி எடுத்து, சொட்ட விட்டு, அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். பிறகு தேய்த்து, மறுபடி முக்கி, மறுபடி சுடுவார்கள். தார் வகைப் பொருளும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த அந்தக் கறுப்பு, சூட்டில் தானாகப் பரவிச் சமமாகும், இரும்பை விடாமல் பிடித்துக்கொள்ளும், விலையும் குறைவு. வேறு நிறங்கள் அவ்வளவு சூட்டைத் தாங்காமல் மங்கிப் போகும். அதனால் ஃப்ரேமும் மட்கார்டும் கறுப்பு, டேங்க் மட்டும் கொஞ்சம் அலங்காரம் என்பதே பல கம்பெனிகளின் வழக்கம். நார்ட்டனுக்கு வெள்ளி நிற டேங்க், அதில் கறுப்பும் சிவப்புமாகக் கோடு. டக்ளஸுக்கு நீலமும் வெள்ளியும். ஸ்காட்டுக்கு ஊதா. வெலோசெட் கறுப்பும் தங்கமும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அப்புறம் நிறம் எப்போது வந்தது?

ஒரு பைக்கைச் சொல்ல வேண்டும் என்றால் நான் ட்ரையம்ஃப் ஸ்பீட் ட்வினைச் சொல்வேன். எட்வர்ட் டர்னர் வடிவமைத்த 498 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டி. 1937இல் அறிமுகமானது, 1938 மாடலாக விற்பனைக்கு வந்தது. டேங்கின் பக்கப் பகுதிகள், ஃப்ரேம், ஃபோர்க், மட்கார்டு எல்லாமே "அமரந்த் ரெட்" என்ற ஒரே சிவப்பு. டேங்கிலும் ரிம்மிலும் குரோம், ஓரத்தில் தங்கக் கோடு. எங்கும் கறுப்பு ஓடிய தெருவில் அந்த வண்டி எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமரந்த் என்றால் கீரைக் குடும்பத்துச் செடி. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு "வாடாதது" என்று பொருள். நம் வாடாமல்லியும் அதே குடும்பம்தான், பெயரும் அதே பொருளில்தான் அமைந்திருக்கிறது. ஆனால் பெயரை நம்பி வாடாமல்லி கலர் புடவையைக் காட்டி பெயிண்ட் கலக்கச் சொல்லிவிடாதீர்கள். ஸ்பீட் ட்வினின் நிறம் ரோஸ் பக்கம் போகாது. சிவப்புத் தண்டுக்கீரையை வேகவைத்து வடித்த தண்ணீர் மாதிரி, ஆழமான, லேசாக ஊதா ஓடிய சிவப்பு. நிழலில் பழுப்பாகத் தெரியும், வெயில் பட்டதும் சிவப்பு எழுந்து வரும். இதை மெரூன் என்று சொல்லி பஸ் கலரில் அடித்து வைத்திருக்கும் ஸ்பீட் ட்வின்கள் எத்தனையோ உண்டு.

1939இல் அதன் அண்ணன் டைகர் 100 வந்தபோது வெள்ளி நிறமும் கறுப்பும் சேர்ந்து வந்தது. ஆக, நிறத்தைப் பார்த்தே மாடலைச் சொல்லும் பழக்கத்தை ட்ரையம்ஃப் தொடங்கி வைத்துவிட்டது.

போருக்குப் பிறகு வந்த நிறங்கள் என்னென்ன?

போர் முடிந்தபோது பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது. செய்ததை வெளிநாட்டுக்கு, அதுவும் அமெரிக்காவுக்கு விற்க வேண்டிய கட்டாயம். நிறத்தில் அது நேராகத் தெரியும்.

1948இல் வந்த பி.எஸ்.ஏ பாண்டம் 123 சி.சி. குட்டி வண்டி. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ ஆர்.டி.125ஐப் பின்பற்றிச் செய்தது. தலை முதல் கால் வரை "மிஸ்ட் கிரீன்" என்ற சாம்பல் கலந்த வெளிர் பச்சை, டேங்கில் மட்டும் தந்த நிறப் பட்டை. சன்பீம் எஸ்7 டீலக்ஸும் மிஸ்ட் கிரீனில் வந்தது. அப்போது சன்பீம் பி.எஸ்.ஏ குடும்பத்தில் சேர்ந்துவிட்டது.

அதே பி.எஸ்.ஏ 1949 இறுதியில் 646 சி.சி. கோல்டன் ஃப்ளாஷை அறிவித்தது. பெயரில் தங்கம் இருந்தாலும் அது நகைக்கடைத் தங்கம் இல்லை. மாலை வெயிலில் ஆற்று மணல் எப்படி மினுங்குமோ அப்படி ஒரு நிறம். இது "பாலிகுரொமாட்டிக்" வகை, அதாவது பெயிண்டுக்குள் அலுமினியத் தூள் கலந்தது. இன்று மெட்டாலிக் என்கிறோமே, அதன் மூதாதை. கோல்டன் ஃப்ளாஷைக் கறுப்பிலும் செய்தார்கள். எனவே கறுப்பு ஃப்ளாஷைப் பார்த்ததும் யாரோ மாற்றி அடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

ட்ரையம்ஃப் தண்டர்பேர்ட் கதை இன்னும் சுவாரசியம். 649 சி.சி. வண்டி. 1949 செப்டம்பரில் பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள மோன்லேரி வட்டப் பாதையில் மூன்று தண்டர்பேர்டுகளை 500 மைல் ஓட்டி, மணிக்கு 90 மைலுக்கு மேல் சராசரி காட்டினார்கள். முதல் ஆண்டின் நீலம் சாம்பல் ஓடிய இருண்ட நீலம். அது அமெரிக்காவில் எடுபடவில்லை. 1951 மாடலுக்கு நீலத்தை வெளிறச் செய்து, பளிச்சென்று ஆக்கினார்கள். 1950 வண்டிக்கு 1951 நீலத்தை அடித்துவிட்டு "தண்டர்பேர்ட் புளூதானே" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். பெயர் ஒன்று, நிறம் இரண்டு.

இன்னொன்று: 1951, 52இல் கொரியப் போரை ஒட்டி நிக்கல் தட்டுப்பாடு வந்தது. குரோமுக்கு அடியில் நிக்கல் பூசியாக வேண்டும். அதனால் அதுவரை குரோம் டேங்க் போட்ட பல மாடல்களில் முழு டேங்கையும் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அந்த ஆண்டுகளின் வண்டியில் குரோம் டேங்க் இருந்தால், பிற்காலத்தில் மாற்றியதா என்று ஒரு முறை சந்தேகப்படுங்கள்.

ராணுவ பைக்குக்கு எந்தப் பச்சை?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். போருக்குப் பிறகு கழித்துக்கட்டிய பி.எஸ்.ஏ எம்20, நார்ட்டன் 16ஹெச் வண்டிகள் உலகம் முழுக்கப் பரவின. எம்20 மட்டும் சுமார் 1,26,000 செய்தார்கள். இந்த வண்டிகளுக்கு "ராணுவப் பச்சை" என்று ஒரே நிறம் கிடையாது. செய்த ஆண்டைப் பார்க்க வேண்டும்.

1939 வாக்கில் தொடங்கிய வண்டிகள் "காக்கி கிரீன் 3" என்ற மந்தமான பச்சையில் போயின. பச்சைக்கு வேண்டிய குரோமியம் ஆக்சைடு நிறமி கிடைப்பது கடினமானதும், 1942 வாக்கில் "எஸ்.சி.சி. 2" என்ற பழுப்புக்கு மாறினார்கள். நன்றாகக் காய்ந்த களிமண் போல இருக்கும். 1944இல் அமெரிக்க வாகனங்களோடு ஒத்துப்போக "எஸ்.சி.சி. 15" என்ற ஆலிவ் பச்சை வந்தது. ஆக 1943 எம்20 என்றால் அது பழுப்பாக இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதற்குப் பச்சை அடித்துவிட்டு ஒரிஜினல் என்கிறார்கள்.

போர்க்காலப் பெயிண்ட் மேட், பளபளக்காது. பளபளக்கும் கரும்பச்சையைக் கீறலில் பார்த்தால் அது "டீப் புரோன்ஸ் கிரீன்", அதாவது வெண்கலப் பச்சையாக இருக்கலாம். போருக்குப் பிறகும் ராணுவத்தில் இருந்த வண்டிகளைப் புதுப்பித்தபோது அடித்தது. அதுவும் அந்த வண்டியின் உண்மையான வரலாறுதான். எந்தக் கட்டத்துக்குத் திருப்பப் போகிறீர்கள் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் முதன்முதலில் பிரித்தது ஒரு எம்20தான். அதன் டேங்கின் மேல் பெயிண்ட் ரிமூவரை ஊற்றி ஒரே மதியத்தில் வெள்ளை இரும்பாக்கிவிட்டேன். நான்கைந்து அடுக்கு இருந்தது, சுருண்டு சுருண்டு வந்தது. எந்த அடுக்கில் என்ன நிறம் என்று ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பிறகு டூல்பாக்ஸின் உட்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு மிஞ்சியிருந்ததைக் கண்டேன். அது மட்டும் இல்லாவிட்டால் அந்த வண்டிக்கு இன்றைக்கும் தப்பான பச்சைதான் இருந்திருக்கும்.

1959 பானவில் ஆரஞ்சு நிறத்தில் வந்தது உண்மையா?

உண்மை. ட்ரையம்ஃப் பானவில் டி120இன் முதல் ஆண்டு அது. டேங்கில் ஒரு பாதி டேஞ்சரின், மறு பாதி முத்துச் சாம்பல். டேஞ்சரின் என்றால் கமலா ஆரஞ்சுத் தோலின் நிறம். வேகத்துக்குப் பேர் எடுக்க ட்ரையம்ஃப் கொண்டுவந்த வண்டிக்கு அந்த நிறமும், பெரிய மட்கார்டும், விளக்கை மூடிய கூடும் பொருந்தவில்லை என்று அமெரிக்க வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். ட்ரையம்ஃப் சீக்கிரமே நீலத்துக்குப் போய்விட்டது. அன்று விற்காமல் கிடந்த அந்த ஆரஞ்சைத்தான் இன்று எல்லோரும் தேடுகிறார்கள்.

அதற்குப் பிறகு பானவில்லில் ஏறத்தாழ ஆண்டுக்கொரு நிறம். 1963 முழு அலாஸ்கன் வெள்ளை. 1964 தங்கமும் அலாஸ்கன் வெள்ளையும். 1965 பசிபிக் நீலமும் வெள்ளியும். 1966 கிரெனடியர் சிவப்பும் அலாஸ்கன் வெள்ளையும். 1967க்கு "ஓபர்ஜீன்", அதாவது கத்தரிக்காய். நம்மூரில் சொல்லும் கத்தரிப்பூ கலரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பூ வெளிர் ஊதா. இது காயின் தோல், கறுப்பை நெருங்கிய ஊதா. 1968 ஹை-ஃபை ஸ்கார்லெட், 1969 ஒலிம்பிக் ஃப்ளேம், 1970 ஆஸ்ட்ரல் ரெட், மூன்றுக்கும் துணை வெள்ளி நிறம்.

ஆண்டு என்று நான் சொல்வது மாடல் ஆண்டு. கோடை விடுமுறைக்கு ஃபேக்டரியை மூடித் திறந்ததும் அடுத்த ஆண்டு மாடலைச் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். 1966 நவம்பரில் செய்த பானவில் 1967 மாடல், அதற்குக் கத்தரிக்காய் நிறம்தான். ஆர்.சி.யில் 1966 என்று இருப்பதைப் பார்த்து கிரெனடியர் சிவப்பு அடித்துவிடாதீர்கள். எஞ்சின் எண்ணை வைத்து மாடல் ஆண்டை உறுதி செய்துகொண்டு பிறகு நிறத்துக்கு வாருங்கள். இங்கிலாந்தில் விற்ற வண்டிக்கும் அமெரிக்காவுக்குப் போனதற்கும் சில ஆண்டுகளில் டேங்கின் வடிவமும் நிறம் பிரிந்த விதமும் வேறு.

அறுபதுகளின் சிவப்பு ஏன் இப்படி வெளுத்துப் போகிறது?

அந்தக் காலத்தில் பல நிறங்கள் மூன்று அடுக்கு வேலை. அடியில் வெள்ளி அல்லது தங்க நிறம், அதன் மேல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நிறப் பூச்சு, அதற்கும் மேல் லாக்கர் என்ற நிறமற்ற வார்னிஷ். வெளிச்சம் உள்ளே போய் அடியில் பட்டுத் திரும்பி வருவதால் ஜிகினாத் தாளில் சுற்றிய மிட்டாய் மாதிரி ஜொலிக்கும். ஆனால் நடு அடுக்கில் இருப்பது பெரும்பாலும் சாயம். வெயிலில் சாயம் போய்விடும், அடியில் உள்ள வெள்ளி மேலே எட்டிப் பார்க்கும். சிவப்பு ஆரஞ்சாகும், ஊதா பழுப்பாகும். மேலே உள்ள லாக்கர் தன் பங்குக்கு மஞ்சளாகும்.

இதைத் திருப்பி அடிப்பதும் கஷ்டமான வேலை. நடு அடுக்கை எத்தனை முறை ஓட்டுகிறீர்களோ அத்தனைக்கு நிறம் இருட்டாகிக்கொண்டே போகும். டேங்கையும் பக்க மூடிகளையும் ஒரே நாளில், ஒரே கலவையில், எண்ணி வைத்து அத்தனை கோட்டிங் அடிக்க வேண்டும். முதலில் ஒரு பழைய தகரத்தில் அடித்துப் பார்க்காமல் டேங்கைத் தொடாதீர்கள்.

பெயிண்ட் கடையில் சொல்ல ஒரு நிறக் குறியீட்டு எண் இல்லையா?

இன்றைய கார்களில் இருப்பது போல வண்டியில் ஒட்டிய எண் கிடையாது. "அமரந்த்", "மூர்லேண்ட் புளூ", "ஆர்டன் கிரீன்" எல்லாம் கம்பெனிகள் வைத்த பெயர்கள். இதில் மூர்லேண்ட் புளூ கிரீவ்ஸுடையது. ஆர்டன் கிரீன் கவென்ட்ரியின் ஃபிரான்சிஸ்-பார்னெட்டுடையது, பக்கத்து ஆர்டன் காட்டின் பெயர். பிரிட்டிஷ் தரப் பட்டியல் 381சி என்று எண்ணோடு கூடிய நிற அட்டை உண்டு. டீப் புரோன்ஸ் கிரீன் அதில் 224. ஆனால் சாலை பைக்குகளின் நிறங்களில் பல அந்தப் பட்டியலுக்குள் வராது. கிட்டத்தட்ட ஒத்துப்போவதை எடுத்துக்கொண்டவர்கள் சொன்ன எண்தான் பிறகு "சரியான எண்" என்று சுற்றுகிறது.

ஒரே நிறத்தைக்கூட வெவ்வேறு டிரம்மில் வாங்கி வெவ்வேறு அடுப்பில் சுட்டவர்கள் அவர்கள். கொஞ்சம் முன்பின் இருப்பது இயல்பு.

என் வண்டியின் அசல் நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெயில் படாத இடம், உப்புத்தாள் போகாத இடம், இந்த இரண்டையும் தேடுங்கள். டேங்கில் முழங்கால் படும் ரப்பருக்கு அடியில் பாருங்கள். பேட்ஜைக் கழற்றுங்கள். டேங்கின் அடிப்பக்கம், ஃப்ரேம் குழாயின் மேல் உட்காரும் குழிவு, ஹெட்லைட் கூட்டின் உட்பக்கம், டூல்பாக்ஸின் உள்ளே, சீட்டுக்கு அடியில் உள்ள மட்கார்டு, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், கிளாம்ப் பிடித்த இடம் எல்லாவற்றையும் பாருங்கள். சாதாரணமாகப் பெயிண்ட் அடிப்பவர் பேட்ஜைக் கழற்றாமல் சுற்றி ஒட்டிவிட்டு அடிப்பார். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இவற்றில் ஒன்றும் கிடைக்காவிட்டால், மறைவான இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் போக வேண்டும். வெங்காயத்தை வெட்டினால் தெரிவது போல அடுக்குகள் வளையமாகத் தெரியும். நடுவில் இரும்பு, அடுத்து பிரைமர், அதற்கு அடுத்த வளையம்தான் பெரும்பாலும் கம்பெனி நிறம். பட்டி தெரிந்தால் அந்த இடம் ஏற்கெனவே அடிபட்டுச் சரி செய்தது, வேறு இடம் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கிடைத்த துண்டை லேசாக பாலிஷ் போட்டு மேலே உள்ள வெளுப்பை எடுத்த பிறகே ஒப்பிட வேண்டும். டியூப்லைட்டில் ஒத்துப்போன நிறம் வெயிலில் ஒத்துப்போகாது. நிறமிகள் வேறாக இருந்தால் இப்படித்தான் ஆகும். அதனால் காலை வெயில், நிழல், விளக்கு மூன்றிலும் பாருங்கள். நிறம் அளக்கும் கருவி வைத்துள்ள பெயிண்ட் கடை கிடைத்தால் துண்டை எடுத்துக்கொண்டு போகலாம். அந்தக் கருவி தட்டையான ஒற்றை நிறத்தை நன்றாகப் பிடிக்கும். மூன்று அடுக்கு நிறங்களில் தடுமாறும். கடைசித் தீர்ப்பு உங்கள் கண்ணுடையதுதான்.

தாளில் ஏதாவது ஆதாரம் இருக்குமா?

இருக்கும். 1946இல் பிரிட்டனில் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் பல கம்பெனிகளின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. எஞ்சின், ஃப்ரேம் எண்ணைக் கொடுத்தால் வண்டி எந்தத் தேதியில் எந்த வியாபாரிக்குப் போனது என்று சொல்வார்கள். வின்சென்ட், வெலோசெட், நார்ட்டன் உரிமையாளர் கிளப்புகளும் இந்த உதவியைச் செய்கின்றன. சில பதிவுகளில் நிறமும் இருக்கும். சிலவற்றில் மாடலும் ஊரும்தான். அதுவே போதும் பல நேரம், ஏனென்றால் எந்த நாட்டுக்குப் போனது என்று தெரிந்தால் நிறத்தைக் குறுக்கிவிடலாம். கம்பெனி விளம்பரக் கையேடுகள் நல்ல ஆதாரம். ஆனால் அச்சில் உள்ள நிறத்தை நம்பக் கூடாது, நிறத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை போட்டோக்களும் உதவும், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று பார்க்க.

டேங்கில் உள்ள கோடுகளைக் கையால்தான் இழுத்தார்களா?

பெரும்பாலும் ஆமாம். நீளமான மயிர் கொண்ட மெல்லிய பிரஷ், நிதானமான கை, ஒரே மூச்சு. உற்றுப் பார்த்தால் வளைவில் கோடு கொஞ்சம் பெருத்து, நேரில் மெலிந்து போகும். ஸ்டிக்கர் கோட்டில் அந்த உயிர் வராது. என்னால் ஸ்டிக்கரை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை, இதைச் சொல்லிவிடுகிறேன்.

கோட்டின் நிறம் அற்ப விஷயமும் இல்லை. மேட்ச்லெஸ் 1931இல் ஏ.ஜே.எஸ்ஸை வாங்கியது. போருக்குப் பிறகு லண்டன் பிளம்ஸ்டெட்டில் இரண்டு பெயரிலும் ஏறத்தாழ ஒரே வண்டியைத்தான் செய்தார்கள். ஒற்றை சிலிண்டர் கறுப்பு வண்டிகளில் ஏ.ஜே.எஸ் என்றால் தங்கக் கோடு, மேட்ச்லெஸ் என்றால் வெள்ளிக் கோடு. மாற்றி இழுத்தால் வண்டியின் குடும்பப் பெயரையே மாற்றிய மாதிரி.

கோட்டோடு ஒட்டுப் படங்களையும் கவனியுங்கள். 1956இல் ஜானி ஆலன் அமெரிக்காவின் பானவில் உப்புப் பரப்பில் ட்ரையம்ஃப் எஞ்சின் பூட்டிய வண்டியை மணிக்கு 214 மைல் வேகத்தில் ஓட்டிய பிறகு, உலக வேகச் சாதனையைச் சொல்லும் ஒட்டுப் படம் ட்ரையம்ஃப் டேங்குகளில் ஏறியது. 1952 வண்டியில் அது இருந்தால் யாரோ பிறகு ஒட்டியது.

வின்சென்ட் பிளாக் ஷேடோவின் எஞ்சின் கறுப்பு, கம்பெனியில் அடித்ததா?

ஆம். ஸ்டீவனேஜில் செய்த 998 சி.சி. வண்டி, 1948இல் வந்தது. எஞ்சின் கேஸ்களின் மேல் கறுப்பைப் பூசிச் சுட்டார்கள். டேங்கும் கறுப்பு, தங்கக் கோடு. அதே பலம் கொண்ட எஞ்சினைக் கறுப்புப் பூசாமல் கேட்டவர்களுக்கும் கொஞ்சம் செய்து கொடுத்தார்கள். அவற்றுக்கு வெள்ளை ஷேடோ என்று பெயர். எஞ்சின் வெள்ளையாக இருப்பதால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது, பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

பவுடர் கோட்டிங் செய்யலாமா?

ஃப்ரேமுக்கு, தினமும் ஓட்டும் வண்டி என்றால், செய்யலாம். உறுதியானது. ஆனால் தடிமன் அதிகம். ஃப்ரேமில் குத்திய எண்ணின் ஓரங்கள் மழுங்கும், வார்ப்பு அடையாளங்கள் மூழ்கும், போல்ட் துளைகள் இறுகும். ஒரு முறை நான் கொடுத்த ஃப்ரேமில் எண் பாதி மறைந்து வந்தது, அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. எண்ணை வெப்பம் தாங்கும் டேப்பால் மூடிக் கொடுங்கள். டேங்குக்கு வேண்டாம்.

ஃப்ரேம் என்றால் கறுப்புதான் என்றும் நினைக்காதீர்கள். 1952இல் நார்ட்டன் டாமினேட்டர் 88 மெட்டாலிக் சாம்பலில் ஃப்ரேமோடு வந்தது. 1967இல் லண்டன் கண்காட்சியில் வைத்த முதல் நார்ட்டன் கமாண்டோவுக்கு வெள்ளி நிற ஃப்ரேம், ஆரஞ்சு சீட். 1971இல் பி.எஸ்.ஏ பல மாடல்களின் ஃப்ரேமைப் புறாச் சாம்பலில் அடித்தது, அழுக்கு தெரிகிறது என்று பலர் குறைப்பட்டார்கள், அடுத்த ஆண்டு கறுப்புக்குத் திரும்பியது. இன்று அந்தச் சாம்பல் ஃப்ரேமில் பாதிக்குக் கறுப்பு அடித்துவிட்டார்கள்.

நம்ம ஊர் புல்லட்டுக்கு இது பொருந்துமா?

ராயல் என்ஃபீல்டின் தாய் ஃபேக்டரி இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்தது. 1949 மாடல் 350 புல்லட் வெள்ளிச் சாம்பலில், ஃப்ரேமும் சேர்த்து, குரோம் டேங்கோடு வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவானது, திருவொற்றியூரில் ஃபேக்டரி வந்தது. முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு இங்கேயே செய்தார்கள். எனவே ஐம்பதுகளின் புல்லட் கையில் இருந்தால் முதலில் அது எந்த ஊரில் பிறந்தது என்று பாருங்கள். ரெட்டிச் வண்டிக்கு ரெட்டிச் நிறம், திருவொற்றியூர் வண்டிக்குத் திருவொற்றியூர் நிறம். இங்கே டேங்கில் தங்கக் கோட்டைக் கையால் இழுக்கும் வேலை, உலகம் அதைக் கைவிட்ட பிறகும் தொடர்ந்தது. மெட்ராஸ் புல்லட்டை ரெட்டிச் வேஷம் போடவைப்பது எனக்குப் பிடிக்காது. அதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது.

பழைய பெயிண்ட் மங்கியிருக்கிறது. அடித்துவிடவா, விட்டுவிடவா?

கம்பெனி பெயிண்ட் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகு போட்டு, துருப் பிடித்த இடத்தில் மட்டும் துருவை நிறுத்துங்கள். ஜப்பானிங் கறுப்பு அறுபது எழுபது ஆண்டு ஆனாலும் மெழுகு போட்டதும் ஆழம் திரும்பி வரும். கோடு இழுத்தவரின் கை நடுங்கிய இடம்கூட அதில் இருக்கும். அதை உரித்துவிட்டால் எவ்வளவு காசு கொடுத்தாலும் திரும்பாது.

மிஞ்சவில்லை என்றால் தாராளமாக அடியுங்கள். அடித்த பிறகு எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்க் மூடியைச் சுற்றிச் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், லாக்கர் கொப்பளிக்கும். கண்ணாடி இழையில் செய்த கமாண்டோ டேங்க் என்றால் இன்னும் ஆபத்து, உள்ளேயே கரைக்கும்.

எனக்குப் பிடித்த வேறு நிறம் அடித்தால் தப்பா?

வண்டி உங்களுடையது, தப்பில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: அடிப்பதற்கு முன்னால் அசல் நிறம் தெரியும் இடம் ஒன்றையாவது தொடாமல் விடுங்கள். டூல்பாக்ஸின் உட்பக்கம் போதும். எடுத்த போட்டோவையும் நோட்டையும் ஆர்.சி. புக்கோடு சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வண்டியை வாங்குபவர் முதலில் திறந்து பார்ப்பது அந்த டூல்பாக்ஸைத்தான்.